பன்னிரண்டு எழுத்து

கேள்வி: எழுத்தறிவே இல்லாமல் இருந்த ஹவாய்த் தீவு மக்களுக்கு அமெரிக்கப் பாதிரிமார்கள் போய்த்தானே எழுத்தும் படிப்பும் கொடுத்தார்கள்? அப்புறம் ஏன் இன்னும் காலனி ஆதிக்கத்தைக் குறை சொல்கிறார்கள்?
(ஒரு வாசகர், கோவில்பட்டி)

பதில்: 'எழுத்தறிவே' என்று ஓர் ஏகாரம் போட்டிருக்கிறீர்கள். என் கண் அதிலேயே நின்றுவிட்டது.

எழுத்து இல்லை என்பது சரி. 1820-இல் பாஸ்டனிலிருந்து பாதிரிமார்கள் கப்பலில் வந்து இறங்கியபோது ஹவாய் மொழிக்கு எழுத்து கிடையாது. ஆனால் அந்தத் தீவு மக்களிடம் குமுலிப்போ என்று ஒரு படைப்புப் பாடல் இருந்தது. இரண்டாயிரம் அடிக்கு மேல். இருட்டில் தொடங்கி, பவளப்பூச்சி, புழு, சிப்பி, மீன், பறவை என்று ஒவ்வொன்றாகப் பிறந்து, கடைசியில் அரச வம்சத்துப் பெயர்களில் வந்து சேரும். அத்தனையும் மனப்பாடம். நாம் வேதத்தை 'எழுதாக்கிளவி' என்று மரியாதையாகச் சொல்கிறோம். அந்த மரியாதையில் ஒரு பங்கு குமுலிப்போவைக் காப்பாற்றி வைத்தவர்களுக்கும் சேர வேண்டும் என்பது என் கட்சி.

இனி எழுத்துக்கு வருகிறேன். ஈய எழுத்து கோக்கும் அறையில் தொழில் கற்றவன் நான். அச்சு என்றால் கொஞ்சம் நீட்டித்தான் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 1822 ஜனவரி 7 அன்று ஹொனலுலுவில் முதல் தாள் அச்சானது. அரிச்சுவடிப் பாடம். இயந்திரத்தின் பிடியை இழுத்து அதை அச்சிட்டவர் கேயாவுமொக்கு என்ற ஹவாய்த் தலைவர். அவர் கையில் மை ஒட்டியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

அப்புறம் 1826-இல் பாதிரிமார்கள் எழுத்துகளுக்கு ஓட்டெடுப்பு நடத்தினார்கள். அந்த மக்கள் வாயில் 'த'வும் 'க'வும் ஒன்றுக்கொன்று மாறி வரும். 'ர'வும் 'ல'வும் அப்படியே. ஒரே ஊரை ஹொனருரு என்றும் சொல்லலாம், ஹொனலுலு என்றும் சொல்லலாம். ஓட்டில் 'க' ஜெயித்தது, 'த' போனது. 'ல' ஜெயித்தது, 'ர' போனது. உயிர் ஐந்து, மெய் ஏழு, ஆக மொத்தம் பன்னிரண்டு எழுத்து. தமிழுக்கு 247 எதற்கு, குறையுங்கள் என்று எழுதும் சீர்திருத்த நண்பர்களுடன் இந்தப் பக்கத்தில் பல வருஷமாக மல்லுக்கட்டி வருகிறேன். அவர்கள் இந்தப் பன்னிரண்டைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். குறைத்ததில் தொண்டையை ஒரு நொடி அடைத்துத் திறக்கும் ஓர் ஒலிக்கு எழுத்தே இல்லாமல் போனது. 'பவு' என்று சேர்த்துச் சொன்னால் முடிந்தது என்று பொருள். 'ப', ஒரு நொடி அடைப்பு, பிறகு 'உ' என்று சொன்னால் புகைக்கரி. அச்சில் இரண்டும் ஒன்றுதான்.

ஆனாலும் ஹவாய்க்காரர்கள் தடுமாறாமல் படித்தார்கள். நம் ஓலைச்சுவடியிலும் புள்ளி வைக்காமல்தானே எழுதினார்கள்? வீரமாமுனிவர் இரட்டைக் கொம்பு கொண்டுவரும் வரை கெ எது, கே எது என்று இடம் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். படிப்பவருக்கு மொழி தெரியும் என்ற தைரியத்தில் எழுதுவது அது. மொழி வீட்டில் இருக்கும் வரைக்கும் அந்தத் தைரியம் செல்லும்.

கிடைத்த எழுத்தை ஹவாய்க்காரர்கள் எப்படிப் பிடித்துக்கொண்டார்கள் பாருங்கள். 1834-இல் முதல் பத்திரிகை. அடுத்த நூறு வருஷ சொச்சத்தில் ஹவாய் மொழியில் நூற்றுக்கு மேற்பட்ட பத்திரிகைகள், ஒரு லட்சத்துக்கும் அதிகமான பக்கங்கள். சமுவேல் கமகாவு தம் நாட்டுச் சரித்திரத்தை வாராவாரம் தொடராக எழுதினார். 1861-இல் ஹவாய்க்காரர்களே 'பசிபிக்கின் நட்சத்திரம்' என்று பொருள்படும் பெயரில் ஒரு பத்திரிகை தொடங்கி, பழைய பாட்டையும் கதையையும் போட்டார்கள். பாதிரிமார்களுக்குப் பிடிக்கவில்லை. அதன் ஆசிரியர் டேவிட் கலாகவுவா. 1874-இல் அவரே அரசரானார்! பொது இடத்தில் ஆட முடியாதபடி ஒடுக்கப்பட்டிருந்த ஹுலா நடனத்தை 1883-இல் தம் முடிசூட்டு விழாவில் ஊரறிய ஆடவைத்தார். எங்கள் தொழிலிலிருந்து போன ஒருவர் செய்த காரியம் என்று நான் பெருமைப்படுகிறேன்.

ஆகவே எழுத்தைக் கொடுத்ததற்காக அங்கே யாரும் கோபப்படவில்லை. 1893 ஜனவரி 17 அன்று, அமெரிக்கப் போர்க்கப்பலின் சிப்பாய்கள் கரையில் நிற்க, கரும்பு வியாபாரமும் சொத்தும் உள்ள வெள்ளைக்காரர்கள் கூட்டம் ஒன்று அரசி லிலியுவோகலானியைப் பதவியிலிருந்து இறக்கியது. பாதிரிமார் வீட்டுப் பிள்ளைகள் அதில் முன்னால் நின்றார்கள். அவர்களுடைய அரசு 1896-இல் பள்ளிப் பாடத்தை ஆங்கிலத்தில்தான் நடத்த வேண்டும் என்று சட்டம் போட்டது. ஹவாய் மொழி பேசிய பிள்ளைக்குப் பள்ளியில் அடி விழுந்தது. அடி வாங்கிய பிள்ளை வளர்ந்து, தன் பிள்ளையிடம் அந்த மொழியைப் பேசவில்லை. 1980-களில் நீஹாவு என்ற சின்னத் தீவைத் தவிர்த்துப் பார்த்தால், அந்த மொழி பேசும் சிறுவர்கள் ஐம்பது பேர்கூட இல்லை. தாய்மொழியில் பள்ளிக்கூடம் வேண்டும் என்று நான் ஓயாமல் எழுதுவது இந்த ஐம்பதை நினைத்துத்தான். 1984-இல் சில பெற்றோரும் ஆசிரியர்களும் 'குரல் கூடு' என்ற பொருளில் பூனானா லேயோ பாலர் பள்ளிகளைத் தொடங்கியதால் மொழி பிழைத்து எழுந்தது. அந்தத் தொண்டை அடைப்புக்கும் இப்போது தலைகீழ்க் கால்புள்ளி மாதிரி ஒரு குறி போட்டு எழுதுகிறார்கள்.

எழுத்தறிவு பற்றிக் கேட்ட உங்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1897-இல் அமெரிக்காவுடன் இணைக்கும் ஒப்பந்தம் தயாரானபோது, ஹவாய் மக்கள் தீவு தீவாகப் போய் எதிர்ப்பு மனுவில் கையெழுத்து வாங்கினார்கள். நோய்களால் மடிந்ததுபோக, 1890 கணக்கெடுப்பில் கலப்பினத்தவரையும் சேர்த்து அவர்கள் சுமார் 40,000 பேர்தான். மனுவில் விழுந்த கையெழுத்து 21,000-க்கு மேல், 556 பக்கம். நாலு பேர் அதை வாஷிங்டனுக்குக் கொண்டு போனார்கள். செனட்டில் ஒப்பந்தத்துக்குத் தேவையான மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு கிடைக்கவில்லை. மறுவருஷம் ஸ்பெயினுடன் சண்டை மூண்டதும், ஒப்பந்தத்தை விட்டுவிட்டு, சாதாரணப் பெரும்பான்மை போதும் என்பதால் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் கூட்டுத் தீர்மானம் போட்டு ஹவாயை எடுத்துக்கொண்டார்கள்.

மனு ஆவணக் காப்பகத்தில் கிடந்தது. 1996-இல் ஆய்வாளர் நோயெநோயெ சில்வா அதைத் தேடிப் பார்த்து வெளியே கொண்டுவந்தார். ஒவ்வொரு தாளிலும் பெயர், பக்கத்தில் வயது. நகல்கள் ஊருக்கு வந்ததும் ஜனங்கள் வரிசை வரிசையாகத் தங்கள் கொள்ளுப்பாட்டி, கொள்ளுத்தாத்தா பெயரைத் தேடினார்கள். வீட்டுப் பெரியவர்கள் இப்படிக் கையெழுத்துப் போட்டது பலருக்கு அதுவரை தெரியாது.