பதினொன்றாம் வகுப்பில் கணிதமா, அப்ளைடு கணிதமா?

வணக்கம் சகோதரி. மகளுக்குக் கணக்கு பிடிக்கும், இன்ஜினியரிங்கா பொருளாதாரமா என்று முடிவாகவில்லை, பள்ளியில் அப்ளைடு கணிதம் எடுக்கச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். என் யோசனை, சாதாரணக் கணிதமே (சிபிஎஸ்இ குறியீடு 041) எடுக்கட்டும்.

அப்ளைடு (241) மட்டமான பாடம் இல்லை. வட்டிக் கணக்கு, புள்ளியியல், நிகழ்தகவு எல்லாம் உண்டு. பி.காம்., சி.ஏ. என்று உறுதியாக இருப்பவர்களுக்கு அது நன்றாகவே உதவும். ஆனால் வெக்டர், முப்பரிமாண வடிவியல் போன்றவை அதில் கிடையாது. ஜேஇஇ (இன்ஜினியரிங் நுழைவுத் தேர்வு) எழுதினால் அங்கேதான் இடிக்கும். தமிழ்நாடு இன்ஜினியரிங் கவுன்சிலிங்கில் 200-க்கான கட்-ஆஃபில் கணக்குக்கு மட்டும் 100. இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் 50, 50. சிறுசேரி சென்னைக் கணிதவியல் கழகம் மாதிரி இடத்துக்கு ஆசை வந்தால் நுழைவுத் தேர்வு வேறு இருக்கிறது. பொருளாதாரம் படித்தாலும் நுண்கணிதம் (கால்குலஸ்) விடாது.

பயமாக இருந்தால் ஒரு சோதனை செய்யுங்கள். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்ததும் என்சிஇஆர்டி பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தை இறக்கி, மூன்றாவது பாடமான முக்கோணவியல் சார்புகளை ஒரு வாரம் டியூஷன் இல்லாமல் போடச் சொல்லுங்கள். தப்பு வரும், வரட்டும். உட்கார்ந்து மல்லுக்கட்டுகிறாளா என்று மட்டும் பாருங்கள்.

அப்புறம், பத்தாம் வகுப்புக் கணக்கில் ஸ்டாண்டர்டு எடுத்திருக்கிறாளா, அதைவிட எளிதான பேசிக்கா? பேசிக் என்றால் பதினொன்றில் 041 எடுக்க முடியுமா என்று பள்ளியில் உடனே பேசிவிடுங்கள்.