சமூக அறிவியல் உண்மையிலேயே அறிவியல்தானா?

"ஆய்வுக்கூடமே இல்லாத சமூக அறிவியலை எப்படி அறிவியல் என்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வானியலாளர்களும் நட்சத்திரத்தைக் குடுவையில் போட்டுப் பார்ப்பதில்லையே! கவனித்து, ஊகித்து, தப்பென்றால் திருத்திக்கொள்வதுதான் அறிவியல். 1960களில் காங்கயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கிய மானுடவியலாளர் பிரெண்டா பெக், வலங்கை, இடங்கை என்று அந்தக் காலத்தில் இரண்டு அணியாகப் பிரிந்திருந்த சாதிகளின் உறவுமுறைகளை ஒப்பிட்டு ஆராய்ந்தது அப்படித்தான். ஆக, என்னைக் கேட்டால் அறிவியல்தான். கொஞ்சம் சண்டிமாடு, அவ்வளவுதான்.

ஏன் சண்டி? ஈரோட்டில் மஞ்சள் விலை ஏறினால் எங்கள் பக்கத்துத் தோட்டக்காரர் வரை எல்லாரும் மஞ்சள் நடுவார்கள். ஒன்பது, பத்து மாதம் கழித்து வெட்டும்போது வரத்து கூடி விலை படுத்துவிடும். பொருளாதாரம் இதை முன்கூட்டியே சொல்லிவிடலாம், சரி. ஆனால் விழுகிற தேங்காய் யார் பேச்சையும் கேட்காது, தோட்டக்காரர் கேட்பார். கேட்டுவிட்டுப் பாதிப்பேர் மரவள்ளிக்கு மாறினால், வரத்து குறைந்து கணிப்பே பொய்த்துப்போகும்.