பிளேட் முழுக்க நீலம்: லைகேஸை மாற்ற வேண்டுமா?

கேள்வி: எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்டுக்காக 800 பேஸ் நீளமுள்ள ஒரு ஜீனை பிசிஆரில் பெருக்கி, ஈக்கோ ஆர்1, ஹிண்ட்3 என்சைம்களால் வெட்டி, பியுசி19 பிளாஸ்மிட்டில் (பாக்டீரியாவுக்குள் பெருகும் வட்ட டிஎன்ஏ) ஒட்டப் பார்க்கிறேன். ஆம்பிசிலின் ஆன்டிபயாட்டிக் கலந்த பிளேட்டில் ஒரு தடவை எதுவுமே முளைப்பதில்லை. அடுத்த தடவை முழுக்க நீலக் காலனிகள். நடுவே தெரியும் ஒன்றிரண்டு வெள்ளையிலும் ஜீன் இல்லை. டிஎன்ஏ முனைகளை ஒட்டும் என்சைமான லைகேஸைப் புதிதாக வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். குளோனிங் கைகூடாதபோது எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது லைகேஸைத்தான். குற்றவாளி பெரும்பாலும் அது இல்லை. உங்களுக்கு இருப்பது ஒரு சிக்கல் அல்ல, இரண்டோ மூன்றோ. காலி பிளேட்டுக்குக் காரணம் வேறு, நீல பிளேட்டுக்குக் காரணம் வேறு. நீலம் என்றால் ஜீன் சேராத வெறும் பிளாஸ்மிட் செல்லுக்குள் போயிருக்கிறது; ஜீன் சேர்ந்திருந்தால் காலனி வெள்ளையாக இருக்கும்.

வெட்டு, ஒட்டு, செல்லுக்குள் செலுத்து, தேர்ந்தெடு: 1973-ல் கோஹனும் பாயரும் செய்துகாட்டிய அதே படிகள்தான் இன்றும். எந்தப் படி சறுக்கியது என்பதைச் சொல்ல நான்கு கண்ட்ரோல் பிளேட்கள் போதும். அடுத்த முறை இவற்றையும் சேர்த்தே போடுங்கள்.

முதலாவது, வெட்டாத பியுசி19, 100 பிகோகிராம். மொத்தத்தையும் பரப்பி 100 காலனிகள் வந்தால், ஒரு மைக்ரோகிராமுக்கு 10 லட்சம் என்று கணக்கு. அதற்கும் கீழே போனால் காலி பிளேட்டுக்குக் காரணம் கிடைத்துவிட்டது: டிஎன்ஏவை உள்ளே வாங்கத் தயார்செய்த பாக்டீரியாவான காம்பிடென்ட் செல்தான். செல்லை ஐஸிலேயே உருக வைத்தீர்களா, டிஎன்ஏ உள்ளே நுழையச் செல்லைச் சட்டென்று சூடாக்கும் ஹீட் ஷாக்கின்போது குளியல் நீர் உண்மையிலேயே 42 டிகிரியில் இருந்ததா என்று பாருங்கள். இரண்டாவது, டிஎன்ஏ இல்லாத செல். இதில் எதுவும் முளைக்கக் கூடாது. முளைத்தால், கொதிக்கக் கொதிக்க இருந்த அகாரில் ஆம்பிசிலினை ஊற்றிக் கெடுத்திருப்பீர்கள்.

மூன்றாவது, வெட்டிய வெக்டர் (ஜீனைச் சுமக்க வேண்டிய பிளாஸ்மிட்) மட்டும், லைகேஸ் இல்லாமல். இங்கே வரும் நீலம், வெட்டுப்படாமல் தப்பிய பிளாஸ்மிட். நான்காவது, அதே வெக்டருடன் லைகேஸ், ஆனால் இன்சர்ட் (உள்ளே ஒட்ட வேண்டிய ஜீன்) இல்லை. மூன்றாவதைவிட இதில் நீலம் நிறைய இருந்தால் விஷயம் சுவாரசியமாகிறது. ஈக்கோ ஆர்1 வெட்டிய முனையும் ஹிண்ட்3 வெட்டிய முனையும் ஒன்றோடொன்று ஒட்டாது. வெக்டர் தானாக மூடிக்கொள்ள வழியில்லை. அப்படியும் மூடுகிறது என்றால் இரண்டில் ஒரு என்சைம் வேலை செய்யவில்லை.

டிஎன்ஏ துண்டுகளை நீளவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல் இதைக் காட்டிக்கொடுக்காது. பியுசி19-ன் நீளம் 2,686 பேஸ் ஜோடி. அந்த இரண்டு வெட்டிடங்களுக்கும் நடுவே இருப்பது சுமார் 50 மட்டுமே. ஒரு இடத்தில் வெட்டுப்பட்டதும் இரண்டு இடத்தில் வெட்டுப்பட்டதும் ஒரு சதவீத அகரோஸ் ஜெல்லில் ஒரே கோடாகத்தான் தெரியும். ‘ஜெல்லில் அழகாக வந்ததே சார்’ என்று மாணவர்கள் சொல்லும்போதெல்லாம் இதைத்தான் நினைத்துக்கொள்வேன். அதனால் ஒவ்வொரு என்சைமையும் தனித்தனியே போட்டு, பிளாஸ்மிட் முழுவதும் நேர்கோட்டு வடிவுக்கு மாறுகிறதா என்று பாருங்கள். அதையும் இரண்டையும் சேர்த்து வெட்டப்போகும் அதே பஃபரில் (என்சைம் வேலை செய்யும் கரைசல்) செய்யுங்கள். என்சைமை அள்ளி ஊற்றாதீர்கள்: அதோடு வரும் கிளிசரால் 5 சதவீதத்தைத் தாண்டினால் ஈக்கோ ஆர்1 கண்ட இடத்திலும் வெட்டத் தொடங்கும்.

அப்புறம் அந்த வெள்ளைக் காலனிகள். பெரிய நீலக் காலனியைச் சுற்றிப் பொடிப்பொடியாக இருக்கின்றனவா? அவை பிளாஸ்மிட்டே இல்லாத செல்கள். நடுவில் இருக்கும் காலனி ஆம்பிசிலினைச் சிதைத்துவிடுவதால் அதன் நிழலில் பிழைக்கின்றன. 16 முதல் 18 மணி நேரத்தில் பிளேட்டை இன்குபேட்டரிலிருந்து எடுத்துவிடுங்கள்.

நான்கு பிளேட்டும் சரியாக இருந்து, வெள்ளை மட்டும் வரவில்லை என்றால் இன்சர்ட்டைப் பாருங்கள். ப்ரைமரின் (பிசிஆரைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) நுனியிலேயே, ஈக்கோ ஆர்1 வெட்டும் வரிசையான ஜி-ஏ-ஏ-டி-டி-சி என்று முடித்திருந்தால் என்சைமுக்குப் பிடிமானம் கிடைக்காது. அதற்கு வெளியே ஆறு பேஸ் வரை கூடுதலாக வைத்து ப்ரைமரை மறுபடி வாங்குவது நல்லது. ஜீனுக்குள்ளேயே அந்த வெட்டிடம் இருக்கிறதா என்றும் தேடுங்கள். ஆறு பேஸ் வரிசை சராசரியாக 4,096 பேஸுக்கு ஒரு முறை தற்செயலாகவே வரும். ஜெல்லிலிருந்து துண்டை வெட்டியெடுக்கும்போது 365 நானோமீட்டர் புற ஊதா போதும். குறைந்த அலைநீளத்தில் அரை நிமிடம் காட்டினாலே டிஎன்ஏ பழுதாகும்.

லைகேஸ் மேல் இன்னும் சந்தேகம் போகவில்லையா? அதன் பஃபரைத்தான் முதலில் மாற்ற வேண்டும். அதிலுள்ள, லைகேஸுக்கு ஆற்றல் தரும் ஏடிபி, உறைய வைத்து உருக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வீணாகும். சின்னச் சின்ன ட்யூப்களில் பிரித்து வையுங்கள். சோதிக்க வேண்டுமானால், ஹிண்ட்3 மட்டும் போட்டு வெட்டிய பிளாஸ்மிட்டில் லைகேஸைச் சேர்த்து, ஒரு மணி நேரம் கழித்து ஜெல்லில் ஓட்டுங்கள். ஒற்றைக் கோடு பல கோடுகளாகப் பிரிந்திருந்தால் லைகேஸ் நன்றாகவே இருக்கிறது.