வீட்டு வைஃபையில் ஷேர் செய்த ஃபோல்டரை மாடி வீட்டுக்காரர்களும் திறக்க முடியுமா? எப்படிப் பூட்டுவது?

கேள்வி கேட்டவரின் நிலைமை இது: கீழ் வீட்டில் அவர் குடும்பம், மாடியில் வாடகைக்கு ஒரு குடும்பம். ஃபைபர் இணைப்பு ஒன்றே ஒன்று, பாஸ்வேர்டு இரு வீட்டுக்கும் தெரியும். கேட்டவரின் விண்டோஸ் கணினியில் குடும்பப் படங்கள், ஆதார், பத்திர ஸ்கேன், வீட்டிலிருந்தே எழுதும் டேலி கணக்கு எல்லாம் ஒரே ஷேர் ஃபோல்டரில் இருக்கின்றன.

திறக்க முடியும். ஷேர் செய்த அன்று "பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டே இருக்கிறதே" என்று அந்த வசதியை அணைத்து வைத்திருந்தால், திறப்பதோடு நிற்காமல் அழிக்கவும் முடியும்.

வைஃபை பாஸ்வேர்டு நம் வீடுகளில் ரகசியமே இல்லை. விருந்தாளி செருப்பைக் கழற்றுவதற்குள் அவர் பிள்ளை கேட்டுவிடும். டியூஷனுக்கு வருபவர், கேமரா மாட்ட வந்தவர், மாடி வீட்டுக்கு வரும் உறவினர் என்று எத்தனை போன்களில் அது சேமிக்கப்பட்டிருக்கிறது என்று உங்களால் சொல்ல முடியாது. அவர்கள் யாரும் கெட்டவர்களாக இருக்கத் தேவையில்லை. அந்த போன்களில் என்ன ஆப் ஓடுகிறது என்பதுதான் கவலை. வைஃபை பாஸ்வேர்டு தெருக் கேட்டின் தாழ்ப்பாள் மாதிரி. பீரோவுக்குத் தனிச் சாவி வேண்டும். ஆகவே முதலில் ஃபோல்டரைப் பூட்டுங்கள், ரவுட்டர் பக்கம் அப்புறம் போகலாம்.

இந்த விஷயம் எங்கே கெட்டுப்போகிறது என்று சொல்கிறேன். முக்கால்வாசி வீடுகளில் இதே கதைதான். கணினியில் நுழையப் பாஸ்வேர்டே வைத்திருக்க மாட்டார்கள், அல்லது நான்கு இலக்க பின் மட்டும் இருக்கும். பாஸ்வேர்டு இல்லாத கணக்கை நெட்வொர்க் வழியாக உள்ளே விடக் கூடாது என்பது விண்டோஸின் இயல்பான ஏற்பாடு. பின் நம்பரும் அந்தக் கணினியின் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும்தான், ஷேரைத் திறக்க அது உதவாது. ஆக, போனிலிருந்து திறக்கப் போனால் எதைப் போட்டாலும் "தவறு" என்றே வரும். உடனே யாராவது ஒருவர் 'பாஸ்வேர்டு புரொடெக்டட் ஷேரிங்' என்பதை ஆஃப் செய்யச் சொல்வார். ஆஃப் செய்தால் கதவு திறக்கும், ஆனால் எல்லாருக்கும். கூடவே பெர்மிஷன்ஸ் பக்கத்தில் 'எவ்ரிஒன்' என்பதற்கு நேரே 'ஃபுல் கண்ட்ரோல்' டிக் விழுந்திருக்கும். சும்மா விட்டிருந்தால் அங்கே 'ரீட்' மட்டும்தான் இருந்திருக்கும், டிக் போட்டது நம் ஆள்தான்.

சரி செய்வது அரை மணி நேர வேலை. செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் பகுதிக்குப் போய், மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாத லோக்கல் பயனர் ஒருவரைச் சேருங்கள். ஆங்கிலத்தில் சின்னதாக ஒரு பெயர், நீளமான ஒரு பாஸ்வேர்டு. அட்மினிஸ்ட்ரேட்டர் ஆக்க வேண்டாம். இந்தக் கணக்கில் யாரும் உட்கார்ந்து வேலை பார்க்கப் போவதில்லை, ஷேரைத் திறக்க மட்டும்தான் இது. பிறகு அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸில் 'பாஸ்வேர்டு புரொடெக்டட் ஷேரிங்' ஆன். ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ், ஷேரிங், அட்வான்ஸ்டு ஷேரிங், பெர்மிஷன்ஸ் வரை போய் 'எவ்ரிஒன்' என்பதை நீக்கிவிட்டுப் புதிய பெயரைச் சேருங்கள். செக்யூரிட்டி என்று பக்கத்திலேயே இன்னொரு டேப் இருக்கும், அங்கேயும் அந்தப் பெயருக்கு அனுமதி வேண்டும். இரண்டில் எது கறாரோ அதன்படிதான் நடக்கும். ஓரிடத்தில் கொடுத்துவிட்டு இன்னோரிடத்தில் மறந்துவிட்டு "வேலையே செய்யவில்லை" என்று பழையபடி எவ்ரிஒன் போடுகிறவர்கள் நிறைய.

இந்தச் சாக்கில் ஃபோல்டரையும் பிரித்துவிடுங்கள். கல்யாணப் படங்களும் பத்திர ஸ்கேனும் ஒரே இடத்தில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. படங்களுக்கு 'ரீட்' மட்டும் போதும். டிவியில் பார்க்கிறவருக்கு அழிக்கும் உரிமை எதற்கு? டேலி ஃபோல்டருக்கு எழுதும் அனுமதி தேவை, அதை வீட்டில் கணக்கு எழுதுகிறவருக்கு மட்டும் தனிப் பெயரில் கொடுங்கள். ஆதார், பத்திரம் வகையறாவை ஷேரே செய்யாதீர்கள் என்பது என் கட்சி.

எழுதும் அனுமதியில் இவ்வளவு கஞ்சத்தனம் காட்டக் காரணம் ரான்சம்வேர், அதாவது கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் வைரஸ். வீட்டில் ஒரு லேப்டாப்பில் அது நுழைந்தால், அந்த லேப்டாப் எந்த ஷேரிலெல்லாம் எழுத முடியுமோ அங்கெல்லாம் போய்ப் பூட்டும். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் ஒரு படி மேலே போனது. எஸ்எம்பி என்ற கோப்புப் பகிர்வு முறையின் முதல் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாக, யாரும் எதையும் கிளிக் செய்யாமலே கணினி விட்டுக் கணினி தாவியது. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அந்த ஆண்டு மார்ச்சிலேயே கொடுத்திருந்தது, போடாதவர்கள் மாட்டினார்கள். இப்போதைய விண்டோஸில் அந்தப் பழைய எஸ்எம்பி 1 தானாக வருவதில்லை. பழைய டிவி பெட்டியில் படம் ஓட வேண்டும் என்று அதைத் திரும்ப ஆன் செய்யச் சொல்லும் வீடியோக்கள் கிடக்கின்றன. வேண்டாம், படத்தை பென் டிரைவில் போட்டுக்கொண்டு போங்கள்.

இனி ரவுட்டர். மாடி வீட்டுக்குப் பாஸ்வேர்டைப் பிடுங்கச் சொல்லவில்லை, மனக்கசப்புதான் மிஞ்சும். கெஸ்ட் நெட்வொர்க் என்று ஒன்று இருந்தால் அதை அவர்களுக்கு ஒதுக்குங்கள். இணையம் வரும், உங்கள் கணினி கண்ணில் படாது. சில மலிவான ரவுட்டர்களில் இரண்டாவது பெயர் ஒன்றை உண்டாக்கலாம், ஆனால் இரண்டும் உள்ளே ஒரே நெட்வொர்க்காகவே இருக்கும். இரண்டையும் பிரித்து வைக்கும் 'ஐசொலேஷன்' என்ற டிக் தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் வைஃபைக்குப் புதுப் பாஸ்வேர்டு, பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ 2 அல்லது 3. கேபிள்காரர் போட்டுக் கொடுத்தபடி செல் நம்பரே பாஸ்வேர்டாக இருந்தால் முதல் வேலையாக மாற்றுங்கள். 6 முதல் 9 வரை தொடங்கும் பத்து இலக்கம் மொத்தம் 400 கோடிதான், நல்ல கிராபிக்ஸ் கார்டுக்கு அது சில மணி நேர வேலை. மாடிக்காரருக்கு அந்தச் சிரமமும் இல்லை, வாடகையை ஜிபே செய்வதே அந்த நம்பருக்குத்தானே. ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டையும் மாற்ற வேண்டும், இல்லையென்றால் நீங்கள் செய்ததையெல்லாம் யாரும் உள்ளே போய்க் கலைத்துவிடலாம். வைஃபை பாஸ்வேர்டு போடாமலே பட்டன் அல்லது பின் வழியாக இணைக்கும் டபிள்யூபிஎஸ் வசதி ஆஃப். அதன் எட்டு இலக்க பின்னை இரண்டு பாதியாகச் சரிபார்ப்பதால் சுமார் 11,000 முயற்சிகளில் பிடித்துவிடலாம் என்பது 2011லேயே வெளிவந்துவிட்டது. வைஃபை பெயரை மறைப்பது, குறிப்பிட்ட கருவிகளின் மேக் முகவரியை மட்டும் அனுமதிக்கும் மேக் ஃபில்டர் போடுவது இரண்டும் வீண் வேலை. இரண்டு விவரங்களும் காற்றில் வெளிப்படையாகத்தான் போகின்றன.

ரவுட்டரின் யுஎஸ்பி துளையில் ஹார்டு டிஸ்க் மாட்டியிருந்தால் அதற்கும் பாஸ்வேர்டு இருக்கிறதா என்று பாருங்கள். வெளியூரிலிருந்து திறக்கும் வசதி எதுவானாலும் ஆஃப் செய்யுங்கள். 2021 ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் என்ற நெட்வொர்க் ஹார்டு டிஸ்க் பெட்டி வைத்திருந்த பலருக்கு, இணையம் வழியாக யாரோ ரீசெட் செய்துவிட்டதால் வருடக்கணக்கான படங்கள் காணாமல் போயின. அந்தப் பெட்டிக்கு அப்டேட் வருவது 2015லேயே நின்றிருந்தது. இன்னொரு பிரதி, வயர் கழற்றி அலமாரியில் வைத்த ஹார்டு டிஸ்க்கில் இருக்கட்டும்.

எல்லாம் முடிந்ததும் சோதித்துப் பாருங்கள். இதுவரை அந்த ஷேரைத் திறந்திராத ஒரு போனை வாங்கி உங்கள் வைஃபையில் இணையுங்கள். ஐபோன் என்றால் ஃபைல்ஸ் ஆப்பில் 'கனெக்ட் டு சர்வர்', ஆண்ட்ராய்டு என்றால் நெட்வொர்க் பகுதி உள்ள ஏதாவது ஃபைல் மேனேஜர். முதலில் கெஸ்ட்டாக நுழையப் பாருங்கள், விடக் கூடாது. பிறகு புதிய பெயரில் நுழைந்து படங்கள் ஃபோல்டரில் ஒன்றை அழிக்கப் பாருங்கள், அதுவும் நடக்கக் கூடாது. அதே போனை கெஸ்ட் நெட்வொர்க்குக்கு மாற்றினால் கணினியே தெரியக் கூடாது. நடுவில், கணினியில் கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட் திறந்து ஷேர்டு ஃபோல்டர்ஸ் பகுதியைப் பாருங்கள். 'ஷேர்ஸ்' என்பதில் நீங்கள் மறந்துபோன பழைய ஷேர் ஒன்றிரண்டு கட்டாயம் கிடக்கும், நிறுத்திவிடுங்கள். டாலர் குறியோடு முடியும் பெயர்கள் விண்டோஸே வைத்திருப்பவை, அவற்றைத் தொட வேண்டாம். பக்கத்திலுள்ள 'செஷன்ஸ்' என்பதில் இந்த நிமிஷம் யார் உள்ளே இருக்கிறார்கள் என்பது தெரியும்.