முகம் பார்க்காத நட்பிடம் எவ்வளவு சொல்லலாம்? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

போன வாரம் கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். நினைத்ததைவிட நிறைய வந்தன. துக்க ஆலோசகராகப் பதினான்கு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். அதைவிட நீண்ட காலமாக, ஒருமுறைகூட நேரில் பார்க்காத ஏழெட்டுப் பேருடன் இணையத்தில் தினமும் பேசி வருகிறேன். என் அக்கா நோயில் கிடந்தபோதும் அவள் போன பிறகும் என்னைத் தாங்கியவர்களில் பாதிப் பேர் அவர்கள்தான். இந்த இரண்டு அனுபவத்தையும் வைத்துத்தான் பதில் சொல்கிறேன். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்திருக்கிறேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டேன்.

கேள்வி: அக்கா, என் கணவருக்குப் புற்றுநோய் என்று மூன்று வாரத்துக்கு முன் தெரிந்தது. சொந்தக்காரர்களிடம் சொன்னால் அவர்களைத் தேற்றும் வேலையும் என் தலையில் விழும். இணையத் தோழிகளிடம் சொல்லி அழத் தோன்றுகிறது. வீட்டு விஷயத்தை வெளியே சொல்வது தப்பா?

தப்பே இல்லை. தூரத்தில் இருப்பவரிடம் மனம் சீக்கிரம் திறக்கும். ஜான் சூலர் என்ற உளவியலாளர் 2004ல் இதைப் பற்றி விரிவாக எழுதினார்: எதிராளியின் முகம் தெரியாதபோது, உடனே பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லாதபோது, நம் மனத்தடை தளர்ந்துவிடுகிறது. இது நல்லதுக்கும் வழி விடும், கெட்டதுக்கும் வழி விடும். இரவு ஒரு மணிக்கு எழுதியதைக் காலையில் படித்து, 'இவ்வளவு ஏன் சொன்னேன்' என்று தவிப்பவர்கள் பலர் என்னிடம் வந்திருக்கிறார்கள். அதனால் நள்ளிரவில் எழுதுங்கள், ஆனால் விடிந்த பிறகு அனுப்புங்கள்.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். நோய் உங்கள் கணவருடையது. உங்கள் பயம், தூக்கமின்மை, களைப்பு எல்லாம் உங்களுடையவை. அவற்றைச் சொல்ல யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, என்ன சிகிச்சை, முடி கொட்டிய பிறகு எடுத்த படம் இதெல்லாம் அவரிடம் கேட்டுவிட்டுத்தான். நான் இதில் தவறு செய்திருக்கிறேன். என் அக்காவின் நோயைப் பற்றி அவளிடம் கேட்காமலே தோழிகளிடம் எழுதிவிட்டேன். அவர்களில் ஒருத்தி அன்போடு அவளுக்கே ஆறுதல் செய்தி அனுப்பிவிட்டாள். 'என்னைப் பற்றி என்னைவிட முன்னாடி ஊருக்கே தெரிஞ்சிருக்கு' என்றாள் அக்கா. அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

யாரிடம் எதைச் சொல்லலாம் என்பதற்கு உளவியலாளர் சூசன் சில்க், அவர் நண்பர் பாரி கோல்ட்மேன் இருவரும் 2013ல் ஒரு எளிய வழி சொன்னார்கள். ஒரு வட்டம் போடுங்கள். நடுவில் நோயாளி. அடுத்த வளையத்தில் அவருக்கு மிக நெருக்கமானவர், அதாவது நீங்கள். அதற்கடுத்து பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள், நண்பர்கள் என்று வளையங்கள் விரியும். உள்ளே இருப்பவருக்கு ஆறுதல் மட்டும் போக வேண்டும். புலம்பல் எப்போதும் வெளி வளையத்தை நோக்கிப் போக வேண்டும். உங்கள் இணையத் தோழிகள் வெளி வளையத்தில் இருக்கிறார்கள். அவர்களிடம் தாராளமாக அழுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். உங்களோடு மருத்துவமனை வராந்தாவில் வந்து உட்காரக்கூடிய ஒருவருக்காவது விஷயம் தெரிந்திருக்கட்டும். எவ்வளவு அன்பான தோழியாலும் திரைக்கு அந்தப் பக்கமிருந்து உங்கள் பையைத் தூக்கி வர முடியாது.

கேள்வி: தினமும் சின்னச் சின்ன விஷயம் எழுதுவேன். பூனை குட்டி போட்டது, துவைத்த துணி மழையில் நனைந்தது என்று. 'இதெல்லாம் ஒரு விஷயமா' என்று ஒருவர் கேட்டதிலிருந்து கை வரவில்லை.

எழுதுங்கள். பூனைக் கதை பேசிப் பழகியவரிடம்தான் ஒருநாள் 'ஸ்கேனில் ஏதோ தெரிகிறதாம்' என்று சொல்ல வாய் வரும். தினமும் எழுதுகிறவர் இரண்டு நாள் எழுதாவிட்டால் யாராவது கவனிப்பார்கள் என்பதும் சின்ன விஷயமில்லை.

கேள்வி: எனக்கு முடக்குவாதம், மூன்று வருடமாக. மூட்டு வலி பற்றி எழுதினால் ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள். எழுதாவிட்டால் 'மறந்துட்டியா' என்கிறார்கள். எப்போதும் புலம்புகிறவள் என்று பெயர் வந்துவிடுமோ என்ற பயமும் இருக்கிறது.

வைத்தியம் சொல்பவர்கள் பெரும்பாலும் கெட்டவர்கள் இல்லை, என்ன செய்வதென்று தெரியாதவர்கள். செய்தியின் முதல் வரியிலேயே உங்களுக்கு என்ன வேண்டும் என்று போட்டுவிடுங்கள். 'இன்று வலி அதிகம். மருந்து யோசனை வேண்டாம், கொஞ்சம் கூட இருங்கள்.' இன்னொரு நாள், 'ஊசி போட்ட பிறகு இப்படிக் களைப்பு உங்களுக்கும் இருந்ததா?' நோய்க்காரர் நோய்க்காரரிடம் கேட்கும் இந்த இரண்டாவது வகைக் கேள்வியில் நிறையப் பலன் உண்டு. காலையில் மூட்டு விறைப்பு விடும்வரை சட்டைப் பொத்தானை எப்படிப் போடுவது என்பது அதே நோய் உள்ள ஒருவருக்குத்தான் தெரியும். ஆனால் மருந்தை நிறுத்துவது, அளவை மாற்றுவது எதையும் அங்கே முடிவு செய்யாதீர்கள். நெஞ்சு வலி, வாய் ஒரு பக்கம் கோணுவது, பேச்சுக் குழறுவது இதெல்லாம் வந்தால் செய்தி தட்டிக்கொண்டிருக்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

புலம்பல் பற்றி. அமண்டா ரோஸ் என்ற ஆய்வாளர் 2002ல் பள்ளிப் பிள்ளைகளிடம் ஒன்றைக் கவனித்தார். ஒரே பிரச்சினையைத் திரும்பத் திரும்ப அலசும் தோழிகளுக்குள் நெருக்கம் கூடியிருந்தது, கூடவே மனச்சோர்வும் கூடியிருந்தது. வளர்ந்தவர்களிடமும் இதையே பார்க்கிறேன். பேச்சு நோயிலிருந்து ஆரம்பிக்கலாம்; அங்கேயே நின்றுவிட வேண்டாம். நீங்களும் அவர்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்று கேளுங்கள். நாள்பட்ட நோயில் இருப்பவருக்குத் தானும் இன்னொருவருக்கு ஆறுதலாக இருக்க முடிகிறது என்பது பெரிய பலம்.

அப்புறம், ரிப்போர்ட்டைப் படம் எடுத்துப் போடும்போது பெயர், நோயாளி எண், பார்கோடு எல்லாவற்றையும் மறைத்துவிடுங்கள்.

கேள்வி: தோழியின் அம்மா இறந்துவிட்டார். 'ஆழ்ந்த இரங்கல்' என்று எழுதினால் வறட்டுத்தனமாக இருக்கிறது. வேறு எழுதினால் தப்பாகிவிடுமோ என்று பயந்து நான்கு நாளாக ஒன்றுமே எழுதவில்லை.

இன்றே எழுதுங்கள். சொன்ன வார்த்தை சரியில்லை என்பதை மக்கள் மன்னித்துவிடுகிறார்கள். ஒன்றுமே சொல்லாமல் விட்டவர்களைத்தான் ஆண்டுக்கணக்கில் நினைவு வைத்திருக்கிறார்கள். 'என்ன எழுதுவதென்று தெரியாமல் நான்கு நாளாகத் தவித்தேன்' என்று ஆரம்பித்தாலே போதும், அது உண்மையும்கூட.

இறந்தவரின் பெயரை எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் தோழி அவரைப் பற்றிச் சொன்ன ஏதாவது ஒன்றை எழுதுங்கள்: 'உன் அம்மா ஃபோனில் உன்னைத் திட்டிவிட்டு உடனே மறுபடி கூப்பிடுவார்கள் என்று சொல்வாயே, அதுதான் நினைவுக்கு வந்தது.' அவள் அம்மாவை இன்னொருவரும் நினைவில் வைத்திருக்கிறார் என்பதே அந்த நேரத்தில் பெரிய ஆறுதல்.

எழுதக்கூடாதவையும் உண்டு. 'நல்ல சாவு', 'வயசாயிடுச்சுல்ல', 'கடவுள் கூப்பிட்டுக்கிட்டார்', 'நீ தைரியமா இருக்கணும்.' இவை ஒவ்வொன்றும் அவள் அழுகையை நிறுத்தச் சொல்கின்றன. அவள் தானாக இப்படிச் சொன்னால் ஆமோதிக்கலாம், நாமாகச் சொல்லக்கூடாது. 'எனக்கும் இப்படித்தான்' என்று உங்கள் இழப்பைச் சொல்ல ஆரம்பித்தால் ஒரு வரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

'ஏதாவது வேணும்னா சொல்லு' என்றும் எழுதாதீர்கள். என்ன வேண்டும் என்று யோசிக்கும் சக்தி அவளிடம் இல்லை. 'மற்றத் தோழிகளுக்கு நான் தகவல் சொல்லட்டுமா?', 'இன்று இரவு பத்து மணிக்குக் கூப்பிடட்டுமா? பேச முடியாவிட்டால் எடுக்க வேண்டாம்' என்று ஆமாம், வேண்டாம் என்று பதில் சொல்லும்படி கேளுங்கள். 'பதில் போட வேண்டியதில்லை' என்று கடைசியில் ஒரு வரி சேருங்கள்.

காலண்டரில் இரண்டு தேதியைக் குறித்து வையுங்கள், அவள் அம்மாவின் பிறந்தநாளும் இறந்த நாளும். முதல் வாரம் எல்லோரும் வருவார்கள். மூன்றாவது மாதம் செய்திகள் நின்றுவிடும், வீடு அமைதியாகிவிடும். அப்போது வரும் ஒரு வரிக்கு எடை அதிகம்.

கேள்வி: அம்மா, எனக்கு 71 வயது. மனைவி போய் எட்டு மாதம். துக்கம் ஐந்து கட்டமாக வந்து முடியும் என்று படித்தேன். எனக்கு ஒரு நாள் சிரிப்பு வருகிறது, மறுநாள் முதல் நாள் மாதிரியே அழுகிறேன். இணைய நண்பர்களிடம் அவளைப் பற்றியே பேசுகிறேன். எனக்கு ஏதும் கோளாறா?

ஐயா, நீங்கள் சொல்வதைப் பார்த்தால் எனக்குக் கோளாறாகத் தெரியவில்லை. அந்த ஐந்து கட்டங்களை மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969ல் எழுதினார், அதுவும் மரணத்தை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசி. பிறகுதான் அதை இழந்தவர்களுக்கும் பொருத்தினார்கள். படிப்படியாக ஏறி முடிக்கும் மாடிப்படி மாதிரி துக்கம் நடந்துகொள்வதில்லை. மார்கரெட் ஸ்ட்ரோப், ஹென்க் ஸ்கூட் என்ற துக்க ஆய்வாளர்கள் 1999ல் சொன்னது உங்கள் நிலைக்கு நெருக்கமாக இருக்கிறது: இழந்தவர் மனம் இழப்புக்கும் அன்றாட வாழ்க்கைக்கும் நடுவே போய்ப் போய் வரும். ஒரு நாள் சிரிப்பும் மறுநாள் அழுகையும் அந்தப் போக்குவரத்துதான்.

ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் நீடித்த துக்கம் என்று ஒன்று உண்டு. குறைந்தது ஆறு மாதம் கடந்தும் ஏக்கம் விடாமல் அழுத்தி, குளிக்க, சாப்பிட, வெளியே போகவே முடியாத அளவுக்கு முடக்கினால் அதற்கு மருத்துவ உதவி தேவை. அமெரிக்க மனநல மருத்துவர்கள் பெரியவர்களுக்கு 12 மாதம் என்று வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு அப்படி முடக்கம் இருந்தால் தயங்காமல் மருத்துவரிடம் போங்கள்.

நண்பர்களிடம் உங்கள் மனைவியைப் பற்றிப் பேசுவதை நிறுத்த வேண்டாம். சொல்ல முடியாததைத் தனியாக ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள். உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986ல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்கள் நான்கு நாள், தினம் 15 நிமிடம், மனத்தை வருத்திய நிகழ்ச்சியை எழுதினார்கள். எழுதி முடித்ததும் மனம் கனத்தது. ஆனால் நடந்ததையும் உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் பிறகு வந்த மாதங்களில் மருத்துவரிடம் போவது குறைந்தது. எழுதிய அன்று கனமாக இருந்தால் பயப்படாதீர்கள், ஐயா. நாள் போகப் போகக் கனம் கூடிக்கொண்டே போனால் மட்டும் நோட்டை மூடி வைத்துவிடுங்கள்.

கேள்வி: ஒரு நண்பன் 'இனி எதுக்கு இருக்கணும்' என்று எழுதிவிட்டு இரண்டு மணி நேரமாக இணைப்பில் இல்லை. தற்கொலை பற்றிக் கேட்டால் அந்த எண்ணத்தை நானே விதைத்துவிடுவேனா?

(இவருக்கு அன்றே தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே.) விதைக்க மாட்டீர்கள். நேராகக் கேளுங்கள்: 'உயிரை விடணும்னு யோசிக்கிறியா?' கேட்பது அந்த எண்ணத்தைக் கூட்டுவதில்லை என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆமாம் என்றாலோ பதிலே வராவிட்டாலோ ரகசியம் காப்பது உங்கள் கடமை இல்லை. அவர் வீட்டார், பக்கத்தில் இருக்கும் நண்பர், அவசர உதவி எண், யார் கிடைத்தாலும் சொல்லுங்கள். நாளைக்கு அவர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

கேள்வி: ஒருத்தியின் நோய்க்காக இரண்டு வருடம் இரவெல்லாம் விழித்து ஆறுதல் சொன்னோம். அவளுக்கு நோயே இல்லை என்று இப்போது தெரிந்தது. இனி யாரையும் நம்ப முடியவில்லை, அக்கா.

உங்கள் வலி எனக்குப் புரிகிறது. இப்படிச் செய்பவர்கள் இருக்கிறார்கள். மனநல மருத்துவர் மார்க் ஃபெல்ட்மன் 2000ல் இதற்கு இணைய முன்ச்சவுசன் என்று பெயர் வைத்து விவரித்தார் (கவனத்துக்காக நோய் இருப்பதாக நடிப்பதை முன்ச்சவுசன் என்பார்கள்). மரண விளிம்புக்குப் போய் உடனே அதிசயமாகத் தேறுவது, கவனம் இன்னொருவர் பக்கம் திரும்பினால் புதிய ஆபத்து வருவது, நேரில் பேச எப்போதும் தடை இருப்பது போன்றவை அடையாளங்கள். ஒன்றிரண்டு உண்மை நோயாளிக்கும் இருக்கும், அதனால் அவசரப்பட்டுக் குற்றம் சாட்டாதீர்கள். பணம் மட்டும், தெரிந்த வழியில் சரிபார்க்காமல் அனுப்பாதீர்கள். நீங்கள் ஏமாந்தது அவள் பொய்யால். நீங்கள் கொடுத்த அன்பு பொய்யில்லை. அந்த இரவுகளில் கூடவே விழித்திருந்த மற்றத் தோழிகள் உண்மையானவர்கள். இதையும் அவர்களோடு பேசித் தீருங்கள்.

கேள்வி: ஒன்பது வருடம் பேசிய இணையத் தோழி இறந்துவிட்டாள். எங்களுக்கு மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது. வீட்டில் 'பார்க்காதவளுக்கா இவ்வளவு அழுகை' என்கிறார்கள்.

கென்னத் டோக்கா என்ற துக்க ஆய்வாளர் 1989ல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்: சமூகம் அங்கீகரிக்காத துக்கம். இறுதிச் சடங்கில் உங்களுக்கு இடமில்லை, அலுவலகத்தில் விடுப்பு இல்லை, துக்கம் கேட்க யாரும் வருவதில்லை. ஒன்பது வருடம் தினமும் ஒருவரோடு பேசியிருக்கிறீர்கள், அந்த இடம் இப்போது காலி. வீட்டாரிடம் அதை அப்படியே சொல்லுங்கள். அவளைத் தெரிந்தவர்கள் ஒரு நாள், ஒரு நேரம் குறித்து ஒன்றாகக் கூடுங்கள். ஆளுக்கொரு நினைவைச் சொல்லுங்கள், அவள் எழுதியதில் பிடித்ததை வாசியுங்கள். முடிந்தால் அதைத் தொகுத்து அவள் குடும்பத்துக்கு அனுப்புங்கள். தங்கள் பெண்ணுக்கு இத்தனை பேர் இருந்தார்கள் என்பது பல வீடுகளில் தெரிவதே இல்லை.

அந்த மூன்று வாரம் உங்கள் நண்பர்களுக்கு நேராமல் பார்த்துக்கொள்ளலாம். ஃபேஸ்புக்கில் 2015 முதல், நமக்குப் பிறகு நினைவுப் பக்கத்தைக் கவனிக்க ஒருவரை நியமிக்க முடிகிறது. கூகுளில் 2013 முதல், கணக்கு நீண்ட நாள் இயங்காவிட்டால் நாம் குறித்தவருக்குத் தகவல் போகும். ஆப்பிளிலும் 2021 முதல் இப்படி ஒரு வசதி உண்டு. இதெல்லாம் சிக்கலாகத் தோன்றினால் ஒரு தாளே போதும். நான் ஒரு தாளில் இரண்டு தோழிகளின் பெயரையும் எண்ணையும் எழுதி, 'இவர்களிடம் சொன்னால் மற்றவர்களுக்குச் சொல்லிவிடுவார்கள்' என்று குறித்து, பீரோவில் அடையாள அட்டைகளோடு வைத்திருக்கிறேன். அது எங்கே இருக்கிறது என்று என் மகனுக்குத் தெரியும்.