கேளுங்கள், பேசுவோம்: எந்திரமும் நாமும்

கேள்வி: என் போனில் 800 பேர் இருக்கிறார்கள். ஒரு கஷ்டம் என்றால் யாரைக் கூப்பிடுவது என்றுதான் தெரியவில்லை. கோளாறு போனிலா, என்னிடமா?

பதில்: எண்ணிக்கையில். ஒரு மனிதரால் உறவாகப் பேண முடிவது சுமார் 150 பேர், அதில் நெஞ்சுக்கு நெருக்கமானவர்கள் ஐந்து பேர் போல என்பது ராபின் டன்பார் என்ற ஆய்வாளர் 1990களில் போட்ட கணக்கு. (150 சரியா என்று இன்னமும் சண்டை நடக்கிறது. 800 என்று வாதாடுபவரை நான் பார்த்ததில்லை.) குழுவில் போடும் செய்தி எல்லோருக்கும் போவதால் அதற்குப் பதில் சொல்லும் பொறுப்பு யாருக்கும் இல்லாமல் போகிறது, நாமும் ஒரு எமோஜி பொம்மையைத் தட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அந்த ஐந்து பேரில் ஒருவரைக் காரணமே இல்லாமல் கூப்பிடுங்கள். "என்ன ஆச்சு?" என்று பதறுவார், போகப் போகப் பழகிவிடும்.

கேள்வி: அலுவலகத்தில் இப்போது அறிக்கையைச் செயற்கை நுண்ணறிவு எழுதுகிறது, நான் சரிபார்க்கிறேன். சுலபம்தான், ஆனால் பிடிப்பே இல்லை.

பதில்: இருக்காது. யோசிப்பதை அதற்குக் கொடுத்துவிட்டு, காவல் காப்பதை நீங்கள் வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஆலைகளின் கட்டுப்பாட்டு அறைகளை வைத்து 1983இலேயே லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற உளவியலாளர் இதைச் சொல்லிவிட்டார்: எந்திரம் ஓடும்வரை மனிதர் சும்மா பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அது தடுமாறும்போது மட்டும் அதைவிடக் கெட்டிக்காரராக இறங்கி வேலை செய்ய வேண்டும், ஆனால் சும்மா இருந்ததிலேயே கை பழக்கம் போயிருக்கும். முடிந்தால் வரிசையை மாற்றிப் பாருங்கள். முதல் வரைவு உங்களுடையது, குறை கண்டுபிடிப்பது அதன் வேலை. நேரம் கூடத்தான் பிடிக்கும், மேலதிகாரி முறைத்தாலும் முறைப்பார். அப்புறம் இன்னொன்று, அந்த அறிக்கையை யார் படிக்கிறார்கள், படித்து என்ன செய்கிறார்கள் என்று விசாரியுங்கள். யாருமே படிக்கவில்லை என்றால் உங்கள் சலிப்புக்கும் எந்திரத்துக்கும் சம்பந்தமே இல்லை.

கேள்வி: அரட்டைச் செயலியிடம் மனசுவிட்டுப் பேசுகிறேன். தப்பா?

பதில்: தப்பில்லை, புதுசும் இல்லை. 1966இல் ஜோசப் வைசன்பாம் 'எலிசா' என்றொரு கணினி நிரலை வெளியிட்டார். நாம் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிப் போடும், அவ்வளவுதான். அது உருவானதைக் கூடவே இருந்து பார்த்த அவருடைய செயலாளரே, அதனுடன் தனியாகப் பேச வேண்டும், நீங்கள் வெளியே போங்கள் என்று அவரிடம் சொன்னாராம். பேசுங்கள். அதற்குத் தன் கஷ்டம் என்று எதுவும் கிடையாது, அதனால்தான் அவ்வளவு சௌகரியம். நண்பர் என்றால் நடுவில் தன் கதையை ஆரம்பிப்பார், கேட்டாக வேண்டும்.

கேள்வி: தொழில்நுட்பம் வேலை நேரத்தைக் குறைக்கும் என்றார்களே?

பதில்: சொன்னவர் பெரிய ஆள், பொருளாதார மேதை கெயின்ஸ். நூறு வருஷத்தில் வாரத்துக்கு 15 மணி நேர வேலை போதும் என்று 1930இல் எழுதினார். கெடு 2030. வேலையோ குறைவதற்குப் பதில் போன் வழியாக வீட்டுக்கே வந்துவிடுகிறது. பிரான்சில் 2017 முதல், 50 பேராவது வேலை பார்க்கும் நிறுவனங்கள், வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பைத் துண்டிக்கும் உரிமை குறித்து ஊழியர்களோடு பேச வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. சட்டம் இல்லாத இடத்தில், இரவு பத்து மணிக்கு வரும் 'ஒரு சின்ன விஷயம்' செய்திக்குக் காலையில் பதில் போடுங்கள். நீங்களும் அப்படி அனுப்பாதீர்கள்.