மறு: தண்ணிக்குள்ள போனாலே காது வலி, அந்தமான் ஹேவ்லாக் தீவு ட்ரிப்ல என்ன பண்றது?

தம்பி, நானும் குன்னூர் தான். போன தடவை ஸ்நார்க்கலிங்ல (மாஸ்க்கும் மூச்சுக் குழாயும் மாட்டிட்டு மிதந்துகிட்டே கடலுக்குள்ள பாக்கறது) கொஞ்சம் முங்கினதுமே காது ஊசி குத்துன மாதிரி வலிச்சுது, இப்ப ஃப்ரெண்ட்ஸ் கூட பாய்மரப் படகுல போறப்ப இறங்கவே பயமா இருக்குன்னு போட்டிருக்கீங்க. ஊட்டில இருந்து மேட்டுப்பாளையம் இறங்குறப்ப பர்லியார் பக்கம் காது அடைக்கும்ல, அதே சமாச்சாரம் தான், ஆனா மலைல 1900 மீட்டர் இறங்க ஒன்றரை மணி நேரம் ஆகுது, தண்ணில வெறும் 2 மீட்டர்லயே கிட்டத்தட்ட அதே அழுத்தம் ரெண்டு மூணு செகண்ட்ல ஏறிடும். அதனால வலி வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க, மேல மிதக்கறப்பவே மூக்கைப் பிடிச்சு வாயை மூடி மெதுவா ஊதுங்க, 'டிக்'னு விடும், அப்புறம் கீழ இறங்க இறங்க அரை மீட்டருக்கு ஒரு தடவை. விடலையா, மேல வந்துடுங்க, முக்கி ஊதினா காது போயிடும். மாஸ்க் வாடகைக்கு எடுக்கறப்ப மூக்கு ரப்பரைக் கிள்ளிப் பாருங்க, மூஞ்சி முழுக்க மூடுற மாஸ்க்ல மூக்கையே பிடிக்க முடியாது. இயர்ப்ளக் வேண்டவே வேண்டாம். சளி இருந்தா முங்காம மிதங்க, போதும். காது இன்னும் மந்தமா இருந்தா கெளம்பறதுக்கு முன்னாடி ஈஎன்டி டாக்டர்கிட்ட காட்டிடுங்க.

அப்புறம் ஃபுல் ஸ்லீவ் டீஷர்ட் போட்டுக்கோங்க, நம்ம ஊர் வெயில்னு நெனச்சு சட்டையில்லாம மிதந்துட்டு நான் ஒரு வாரம் குப்புற படுத்துக் கெடந்தேன்.